ஒழுகாத ஷாக்

பாளையம்பட்டி,
12-4-1998

அன்புத் தங்கச்சி சுபத்ராவுக்கு,

அண்ணன் ராஜகுரு எழுதுவது. நானும் உன் மதினி கோகிலாம்பாளும் சுகம். மாப்பிள்ளை சங்கரும் பிள்ளைகளும் நீயும் கோயம்புத்தூரில் சுகமாக இருப்பீர்கள். விசாரிப்பு இத்தோடு போதும். இனி வருவது திட்டு, உட்கார்ந்து படி.

சைக்கிள் குலுங்காமல் இருக்க உங்கள் பட்டறையில் செய்து அனுப்புகிற பின் ஷாக் இருக்கிறதே, அதைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. போன பார்சலில் வந்த இருபத்துநாலில் ஒன்பது ஒழுகுகிறது. சீட்டுக்கு அடியில் மூக்கொழுகும் பிள்ளை மாதிரி வண்டி நிற்கிறது. நம் ஊர்ப் புழுதியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது எண்ணெயில் ஒட்டிக் கறுப்புக் களியாகி, கை, வேட்டி, தரை எல்லாம் அப்பிக்கொள்கிறது. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றைப் பிசைந்தால் சோற்றில் எண்ணெய் வாடை. இரண்டு நாளாக மதினிதான் சோற்றைப் பிசைந்து எனக்கு உருட்டிப் போடுகிறாள்.

வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர் மருமகனுக்கு ஷாக் வண்டி எடுக்க வெள்ளை வேட்டியில் வந்தார். குனிந்து பார்த்தார். வேட்டியில் பட்டுவிட்டது. "என்ன அண்ணாச்சி, புது வண்டிக்கு இப்பவே வயித்தால போகுதா?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முப்பது வருஷக் கடையில் இப்படி ஒரு பேச்சு கேட்டதில்லை.

ஒன்பதையும் நானும் கடைப் பையன் சின்னத்துரையும்தான் மாற்றினோம். வண்டிக்கு அடியில் கட்டையைக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கி, மேல் போல்ட்டு கீழ் போல்ட்டு கழற்றி, வளையத்துக்கு வளையம் அளவு பார்த்து, புஷ்ஷைத் தட்டி ஏற்றி. பஞ்சர் ஒட்டுகிற வேலை இதைவிடக் கௌரவம். இந்த ஷாக் வண்டியே எனக்குப் பிடிக்காது. ஊரெல்லாம் கேட்கிறது, விற்கிறேன்.

இனி என் கடைத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் பார்சலை அப்படியே திருப்பிவிடுவேன். தங்கச்சி வீடு என்று பார்க்கமாட்டேன்.

அன்புடன் அண்ணன்,
ராஜகுரு


கோயம்புத்தூர்,
20-4-1998

பாசமுள்ள அண்ணனுக்கு,

சுபத்ரா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சின்னவன் "மாமாவுக்கு யார்மேல கோபம்?" என்றான். "எண்ணெய்மேல" என்றேன்.

உங்களுக்கு எதைக் கண்டால்தான் அருவருப்பு இல்லை? உளுந்தங்களியில் ஒரு தும்பு கிடந்ததென்று சட்டியோடு கொல்லையில் கொட்டியவர்தானே. அன்றைக்கு நான் பட்டினி. அது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை.

குறை நீங்கள் மட்டும் எழுதவில்லை. சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இதே பாட்டுதான். அட்டைப் பெட்டி நனைந்து வந்ததென்று இரண்டு பார்சல் திரும்பிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை கடைசல் மிஷினை விட்டுத் தலை நிமிர்கிறதில்லை. கடிதம், ஆர்டர், பூட்டி அடுக்குகிற மேஜை எல்லாம் என் தலையில்தான். அதனால் நானே சொல்கிறேன். அடுத்த பார்சலில் ஒரு சொட்டு ஒழுகாது. இது என் பொறுப்பு.

மதினியை எப்போதும் உருட்டிப் போடச் சொல்லிப் பழக்கிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
சுபத்ரா


பாளையம்பட்டி,
10-7-1998

அன்புத் தங்கச்சிக்கு,

திட்டினால் எழுதுகிற நான் பாராட்டவும் எழுத வேண்டும் என்று மதினி பிடிவாதம். அதனால் இது.

ஜூன் மாதப் பார்சல் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு ஷாக்கையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. பத்து நாள் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மாப்பிள்ளையிடம் சொல், கை சுத்தம் வந்துவிட்டதென்று. வண்டி முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் துள்ளுகிறது. இளவட்டங்களுக்கு அந்தத் துள்ளல்தான் பிடித்திருக்கிறது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. வாங்குகிறவன் அவன், எனக்கென்ன.

ஒரு வண்டி மட்டும் மனசுக்குப் பிடித்து விற்றேன். திருச்சுழிப் பக்கம் பால்வாடி டீச்சர் முருகலட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். தினமும் போகவர ஆறு மைல், ரோடு என்று பேர்தான், முழுக்கச் சரளை. இடுப்பு வலிக்கு டாக்டர் குலுங்காமல் போகச் சொல்லியிருக்கிறார். "அண்ணாச்சி, இது முதுகைத் தாங்குமா?" என்று கேட்டாள். "எந் தங்கச்சி வீட்டுச் சாமான். நம்பி ஏறும்மா" என்றேன். பிறகு ஒருநாள் வந்து, வலி பாதி குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஷாக்கைப் பற்றி முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை என் காதில் விழுந்தது.

அண்ணன்,
ராஜகுரு


பாளையம்பட்டி,
8-10-1998

தங்கச்சிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த முருகலட்சுமி விழுந்துவிட்டாள். சின்னப் பாலத்தில் ஏறி இறங்கும்போது ஷாக்கின் தண்டு குழாயை விட்டுக் கழன்று, வண்டி நடுவில் மடங்கி, பின் சக்கரம் சீட்டுக்கு அடியில் மோதி அப்படியே நின்றிருக்கிறது. வலது முழங்கையில் எலும்பு நொறுங்கிப்போனது. அருப்புக்கோட்டையில் கட்டுப் போட்டு, மதுரைக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்திருக்கிறார்கள்.

சின்னத்துரை போய் ஷாக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். சாக்கை விலக்கிப் பார்த்தேன். தண்டைச் சுற்றிக் காய்ந்த சந்தனம். அதில் குங்குமம். தண்டு முழுக்க நகத்தால் பிறாண்டியது போலக் கோடு.

அது நான் வைத்த சந்தனம். ஆயுத பூஜைக்கு வண்டி வாங்கினவர்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பதினேழு வண்டி வந்தது. ஹேண்டில், சீட்டு, பிறகு பளபளவென்று இருக்கிறதே என்று அந்தத் தண்டிலும் மும்மூன்று பொட்டு என் கையாலேயே வைத்தேன். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக்கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது நம் கடை வழக்கம். துடைக்கப் போனவர்களையும் தடுத்தேன். கடைச் சந்தனத்தில் பாதி மரத்தூள், மீதி மண். அது காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. தண்டு உள்ளே போய் வரும்போதெல்லாம், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் சீலை அறுத்து, எண்ணெய் முழுக்க வழியிலேயே ஒழுகித் தீர்ந்திருக்க வேண்டும். கொண்டுவந்த ஷாக்கில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

மாப்பிள்ளையிடம் கேட்டு உடனே எழுது. சந்தனம் சீலை அறுக்குமா? மற்ற பதினாறு வண்டியையும் நான் என்ன செய்ய?

ராஜகுரு


கோயம்புத்தூர்,
14-10-1998

பாசமுள்ள அண்ணனுக்கு,

கடிதம் கண்டு கை கால் ஓடவில்லை. அந்த டீச்சர் சீக்கிரம் குணமாக இங்கே கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். காய்ந்த சந்தனம் சீலை அறுக்கும் என்றுதான் சொன்னார். இனித் தண்டில் சந்தனம், குங்குமம், கிரீஸ் எதுவும் வைக்க வேண்டாம். ஓட்டி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டு போல்ட்டையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். புதிதாகப் பத்து ஷாக் அனுப்பியிருக்கிறேன், சந்தனம் அதிகம் பட்டவற்றுக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. சாமி காரியம் என்று செய்தீர்கள். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் அண்ணா. பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுத்தாயிற்று. சின்னவனுக்கு நீலச் சட்டை. மதினிக்கு ஒரு சேலை வைத்திருக்கிறேன்.

சுபத்ரா


பாளையம்பட்டி,
2-11-1998

தங்கச்சிக்கு,

இங்கே தீபாவளி இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கவே மனசு வரவில்லை.

திருச்சுழி பஸ்ஸில் போய் இறங்கி முருகலட்சுமி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் காளீஸ்வரன் மிளகாய்ச் செடிக்குக் களை வெட்டிவிட்டு வந்து நின்றான். இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன், "தப்பு என்னோடது. நான் வச்ச சந்தனந்தான் வண்டியக் கெடுத்துருச்சு" என்று. அவன் களைக்கொத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். அவள்தான் கேட்டாள், "சாமிக்கு வச்ச சந்தனமா அண்ணாச்சி என் கைய ஒடிச்சுச்சு?"

"சாமி மேல பழி போடாதம்மா. வச்சவன் நான்" என்றேன்.

கை மடங்கவில்லை, சுபத்ரா. வாய்க்கு எட்டவில்லை. இடது கையால் சாப்பிடுகிறாள். நான் இருந்ததால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துணவும் இடது கையால்தான் அள்ளிப் போட முடிகிறது. தாய்மார்கள் தட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்களாம். "பீச்சாங்கையால எங்க பிள்ளைக்குப் போடாதீக, பார்த்தாலே உமட்டுது" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். வேறு டீச்சர் வேண்டுமென்று மனுப் போடப் போகிறார்களாம்.

ஒரு தும்பைப் பார்த்துச் சட்டியைக் கொட்டினவன் நான். அந்தத் தாய்மார்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்மேல்தான் எனக்கு உமட்டுகிறது. முப்பது வருஷம் இரும்போடு புழங்கியவனுக்கு ஓடுகிற தண்டில் மண்ணை அப்பக்கூடாதென்று தெரியவில்லையே.

இனி மாதம் ஒருமுறை எல்லா ஷாக்கையும் நானே கழற்றிச் சீல் பார்ப்பதென்று வைத்திருக்கிறேன். அதற்கு முதலில் ஒன்றைப் பிரித்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ராஜகுரு


பாளையம்பட்டி,
21-11-1998

சுபத்ராவுக்கு,

பிரித்தேன்.

நீ அனுப்பிய பத்தில் ஒன்றை எடுத்தேன். பெட்டியிலிருந்து நேராக எடுத்தது, சந்தனத்தின் வாசனைகூட அறியாதது. வைஸில் பிடித்து ஸ்பிரிங்கை இறக்கி, மூடியைக் கழற்றிக் குழாயைக் கவிழ்த்தேன். அடியில் தட்டு வைத்திருந்தேன், எண்ணெய் கொட்டுமே என்று. ஒன்றும் விழவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். துருப்பொடிதான் வந்தது. எண்ணெய் இல்லை. சீல் இருக்க வேண்டிய பள்ளத்தில் சீலும் இல்லை. வெறும் குழாயில் வெறும் தண்டு.

பத்தையும் பிரித்தேன். சின்னத்துரை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டில் கவிழ்த்தான். கடைசியில் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இல்லாத சீலைச் சந்தனம் எப்படி அறுக்கும்?" என்றான்.

எண்ணெய் இருந்தால்தான் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பு இரும்பில் அடித்து, மரை தேய்ந்து கழன்றுகொள்ளும். கழன்றது. ஒரு பொம்பளையின் கை போனது.

உன் புருஷன் இவ்வளவு கேவலமான மனுஷனா? சந்தனம் சீலை அறுக்கும் என்று கூசாமல் சொன்னாரே, எந்தச் சீலை? நான் அந்த வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றபோது, அவர் அங்கே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாரா? அந்த ஆளைக் கடிதம் எழுதச் சொல். உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. உனக்கு இது தெரிந்திருக்காது.

ராஜகுரு


கோயம்புத்தூர்,
29-11-1998

அண்ணா,

அவரைத் திட்டாதீர்கள். அவர் செய்யவில்லை. நான்தான்.

ஒழுகாமல் இருக்க நல்ல சீல் வேண்டும். எழுதிப்போட்டால் வந்துசேர மூன்று மாதம் என்றார்கள். அதற்குள் ஆர்டர் கொடுத்த கடையெல்லாம் வேறு இடம் பார்த்துவிடும். பூட்டுகிற மேஜையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விழக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய் ஊற்றினால்தானே விழும்? சீலும் எண்ணெயும் இல்லாமலே பூட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். உங்கள் மாப்பிள்ளை ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசாமல் பூட்டினார். சீல் வந்ததும் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கடைக்காரர்கூடக் குறை எழுதவில்லை. உங்களிடமிருந்து பாராட்டே வந்தது. துணி வெள்ளையாக இருந்தது என்று எழுதினீர்களே, அதைப் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு சீலுக்கு எழுதிப்போடவே இல்லை.

சந்தனத்தைப் பற்றி நீங்களே எழுதியபோது, சொல்லக் கூசுகிறது, எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. அவர் சொன்னதும் பொய் இல்லை. சந்தனம் சீலை அறுக்குமா என்று மட்டும் கேட்டேன். அறுக்கும் என்றார். அதை அப்படியே எழுதினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். வண்டி அதிகமாகத் துள்ளுகிறதென்று ஜூலையிலேயே எழுதினீர்கள். இரும்போடு புழங்கியவர், அன்றைக்கே ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கலாமே? துணியால் துடைத்ததோடு ஏன் நின்றீர்கள்?

இப்போது நல்ல சீல் வரவழைத்துவிட்டேன். பழைய ஷாக் எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன். டீச்சருக்கு வைத்தியத்துக்கு என்ன வேண்டுமோ செய்கிறேன். ஆனால் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். டீச்சர் வீட்டில் உங்கள் தப்பு என்று கேட்டு, ஏற்றுக்கொண்டும் விட்டார்கள். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். உங்களை யாரும் கெட்டவர் என்று சொல்லமாட்டார்கள். பட்டறையில் எட்டுப் பேர் பிழைக்கிறார்கள்.

சுபத்ரா


பாளையம்பட்டி,
7-12-1998

சுபத்ராவுக்கு,

நீ கேட்ட கேள்வி நியாயம். நான் பிரித்துப் பார்க்கவில்லை. கை அழுக்காகாமல் இருந்ததே, அந்தச் சந்தோஷம் எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பங்கு என்னுடையது. அதை யாரிடமும் மறைக்கமாட்டேன்.

ஆனால் சந்தனம் என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அந்தப் பொய்யை அவள் வீட்டில் விட்டுவைக்க முடியாது. டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை நீ வா. காலையில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திருச்சுழிக்குச் சேர்ந்து போவோம். நீ எதுவும் விளக்க வேண்டாம். "நான்தான்" என்று ஒரு வார்த்தை அவள் முன்னால் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டறையையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறேன், நல்ல சீல் போட்ட ஷாக்கை நானே நாலு ஊருக்கு எடுத்துப்போய் விற்றுத் தருகிறேன்.

வந்துவிடு.

அண்ணன்,
ராஜகுரு


பாளையம்பட்டி,
9-1-1999

சுபத்ராவுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை நின்றேன். மதுரைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். பிறகு திருச்சுழி பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். ஒரு வரியாவது எழுதுவாய் என்று இன்றுவரை பொறுத்தேன்.

முருகலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷாக்குக்குள் முதலிலிருந்தே ஒன்றும் இல்லை, அது என் தங்கச்சி முடிவு, பிரித்துப் பார்க்காமல் விற்றது நான் என்று. அவள் அந்தக் கையைத் தடவிக்கொண்டாள். பிறகு, "நீங்க அன்னைக்கு வந்து உங்க தப்புன்னு சொன்னப்ப, அப்படி இல்லைங்கிறது உங்க தங்கச்சிக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அவுக வந்திருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன் அண்ணாச்சி. ஒரு வாய் காப்பி போட்டுக் குடுத்திருப்பேன்" என்றாள்.

அவளுக்குப் பால்வாடியில் இனிமேல் வேலை இல்லை. பதிவேடு எழுதுகிற வேலையாவது கிடைக்குமா என்று தாலுகா ஆபீஸுக்குக் காளீஸ்வரனோடு நானும் நடக்கிறேன்.

வண்டி வாங்கினவர்கள் வீடு வீடாகப் போனேன். ஷாக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்புச் சட்டம் வைத்துப் பூட்டிக்கொடுத்தேன். வண்டி இனிக் குலுங்கும், மடங்காது. ஏன் என்று கேட்ட எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னேன். எந்தப் பட்டறை என்று கேட்டவர்களிடம் அதையும் சொன்னேன். சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் நீயே எழுதிவிடு. இந்த மாதக் கடைசிக்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

பொங்கல் வருகிறது. உனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பதினான்கு பொங்கலுக்கும் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, சேலை என்று எல்லாம் கட்டி, கரும்பை பஸ் ஜன்னலில் சொருகி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நானே கொண்டுவந்தேன். இந்த வருஷம் வேண்டாமா என்று மதினி கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்த வீட்டுச் சீர் உனக்கு நிற்காது. ஆனால் உன் வீட்டுக்குள் நுழைந்து, உன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க என்னால் ஆகாது. நினைத்தாலே குமட்டுகிறது.

மதினி கட்டி வைத்திருந்ததை இன்று காலை லாரிப் பார்சலில் போட்டுவிட்டேன். பதிமூன்றாம் தேதி அங்கே வந்துவிடும் என்றார்கள். ரசீது இதோடு இருக்கிறது. பார்சல் ஆபீஸில் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

ராஜகுரு
சைக்கிள் கடை, பாளையம்பட்டி